உலை இல்லாத வீடு

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் இருக்கிறது ரெஜைனா நகரம். அங்கே குளிர்காலம் என்றால் விளையாட்டில்லை. சில நாட்கள் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போய்விடும். அந்த ஊரில் 1977-ல் ஒரு வீடு கட்டினார்கள். வீட்டைச் சூடாக்கும் உலையே அதில் கிடையாது!

இதற்கு விதை போட்டது 1973 எண்ணெய் நெருக்கடி. எண்ணெய் விலை எகிறியதும், எரிபொருளை மிச்சம் பிடிக்கப் பல நாடுகளும் வழி தேடின. சஸ்காச்சுவான் அரசு, சூரிய வெப்பத்தில் இயங்கும் ஒரு வீட்டை வடிவமைக்கும்படி தன் ஆய்வு மன்றத்தைக் கேட்டது. ஹெரால்ட் ஓர் என்ற பொறியாளர் இருந்த குழு கணக்குப் போட்டுப் பார்த்தது. குளிர் அதிகமான மாதங்களில்தான் வெயில் குறைவு. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதை விட, முதலில் ஓட்டையை அடைப்பதுதானே புத்திசாலித்தனம்?

ஓட்டை வழியாகச் சூடு மட்டும் போவதில்லை, ஈரமும் போகிறது. சமையல், குளியல், நாம் விடும் மூச்சு எல்லாவற்றிலும் நீராவி உண்டு. அந்த ஈரக்காற்று சுவரின் இடுக்குகளில் புகுந்து, வெளிப்பக்கத்துக் குளிர்ந்த பலகையில் பட்டதும் நீராகிவிடும். நாளடைவில் மரம் மட்கிப் போகும். இடுக்கை அடைக்காமல் சுவருக்குள் வெப்பக்காப்புப் பஞ்சை மட்டும் திணித்தால் வெளிப்பலகை இன்னும் குளிர்ந்து, நிலைமை மோசமாகும்.

அதனால் அந்தக் குழு இரண்டையும் சேர்த்தே செய்தது. சுவர்கள் சுமார் 30 செ.மீ. தடிமன். அவற்றின் சூடான பக்கத்தில் இடைவெளி இல்லாமல் பாலிதீன் தாள். சரி, இப்படி மூடிவிட்டால் மூச்சு முட்டாதா? அதற்கும் ஒரு கருவி வைத்தார்கள். வெளியேறும் பழைய காற்று, உள்ளே வரும் புதுக்காற்றோடு கலக்காமலே தன் சூட்டை அதற்குக் கொடுத்துவிட்டுப் போகும்.

அரசு கேட்டபடி சூரிய வெப்பக் கருவிகளும் பொருத்தப்பட்டன. செலவு பிடித்த அவை பிற்பாடு கழற்றப்பட்டன. தடித்த சுவரும் பாலிதீன் தாளும்தான் நிலைத்தன.

1986-ல் எண்ணெய் விலை சரிந்தது. மிச்சம் பிடிக்கும் ஆர்வமும் குறைந்தது. ஆனால் பாடம் வீணாகவில்லை. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் வொல்ஃப்காங் ஃபைஸ்ட் முயற்சியில் 1991-ல் 'பாசிவ் ஹவுஸ்' வீடுகள் எழுந்தன. உலகம் முழுக்கப் பரவிய அந்த முறைக்கு ரெஜைனா வீடும் ஒரு முன்னோடி.

சூடு, காற்று, ஈரம் மூன்றும் ஒரே கணக்கில் வருபவை. ஒன்றை மட்டும் பார்த்தால் வரவு மாதிரி தெரியும்; நஷ்டம் சுவருக்குள் ஒளிந்திருக்கும்.