பகுதி நேரத் தலைமை: தஞ்சை வரலாறு தரும் பாடம்

திருச்சபையின் பள்ளிகள், விடுதிகள், சங்கங்கள் ஆகியவற்றின் தலைமைப் பொறுப்பை முழு நேரமும் வகிப்போர் மிகச் சிலரே. பல சிற்றூர்ச் சபைகளைக் கண்காணிக்கும் ஆயரே பள்ளித் தாளாளராகவும் இருக்கிறார். வேறு அலுவலில் உள்ள சபையார் ஒருவர் மாலைப்பொழுதில் வந்து, கௌரவச் செயலர் என்ற முறையில் கணக்குகளைப் பார்க்கிறார். இதனை நிதிக் குறைவால் நேர்ந்த தாழ்வு என்றே நாம் பெரும்பாலும் கருதி வருகிறோம். கொரிந்துவில் பவுல் கூடாரத் தொழில் செய்துகொண்டே ஊழியம் நடத்தியதை அறிந்திருந்தும் அவ்வாறு கருதுகிறோம். காவிரிப் பாசன நாட்டின் தலைநகரான தஞ்சையின் வரலாறு இக்கருத்தை மறு ஆய்வு செய்யத் தூண்டுகிறது.

முதலாவதாக, நாம் நன்கறிந்த சுவார்ச் ஐயரை எடுத்துக்கொள்வோம். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த அவர், 1768இல் திருச்சிராப்பள்ளியில் கம்பெனிப் படையினருக்குக் குருவாக அமர்ந்தார். 1778இல் தஞ்சையைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். 1779இல் ஹைதர் அலியிடம் தூது சென்றார். பின்னர் இளவரசர் சரபோஜியின் பாதுகாவலராகவும் விளங்கினார். அரசாங்க அலுவல்கள் இவ்வாறு அவர் நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டபோது, தொலைவிலிருந்த சபைகளை யார் பேணினர்? பாளையங்கோட்டைச் சபையைக் கவனிக்க உபதேசியார் சத்தியநாதனை அவர் அனுப்பினார். 1790இல் சத்தியநாதன் குருப்பட்டம் பெற்றார். இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. உபதேசியாருக்கு வேலை மட்டும் தரப்படவில்லை. வேலைக்குரிய அதிகாரமும் தரப்பட்டது. அக்காலத்தில் இது சிறிய செயலன்று.

இரண்டாவதாக, ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). திருநெல்வேலிச் சீமையின் சாம்பவர் வடகரையில் பிறந்த இக்கிறிஸ்தவர், தஞ்சையில் ஆசிரியப் பணி புரிந்து, பின்பு அதனை விடுத்துச் சித்த மருத்துவத் தொழிலில் முழுமையாக ஈடுபட்டார். அவருடைய மருந்துகள் நாடெங்கும் விலைபோயின. அவ்வருவாயைக் கொண்டே 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். அடுத்து வந்த ஆண்டுகளில் இசைவாணர்களைத் தஞ்சைக்கு வரவழைத்து மாநாடுகள் பல கூட்டினார். செலவின் பெரும்பகுதியைத் தாமே ஏற்றார். 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டிலும் பங்குகொண்டு தம் ஆய்வை எடுத்துரைத்தார். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூல் வெளிவந்தது. மருந்து செய்யும் தொழில் அவருடைய இசைப்பணிக்குத் தடையாக இருக்கவில்லை. அதுவே அப்பணியின் பொருளாதாரமாக இருந்தது. எனினும் 1919இல் அவர் மறைந்தபின் சங்கம் முன்போல் இயங்கவில்லை. நூலின் இரண்டாம் பாகத்தை 1946இல் வெளியிட்டவர் அவருடைய மைந்தர் வரகுண பாண்டியர். பணியைக் குடும்பம் ஏற்றது. சங்கம் ஏற்கும் நிலையில் இல்லை.

மூன்றாவதாக, பண்டிதரின் சமகாலத்தவரான உமாமகேசுவரன் பிள்ளை (1883–1941). அவர் தொழிலால் வழக்கறிஞர். வட்டக் கழகத் தலைமையும் கூட்டுறவுப் பணிகளும் அவர் தோள்மேல் இருந்தன. 1911 மே மாதத்தில் அவர் தம்பி இராதாகிருட்டினப் பிள்ளையின் முயற்சியால் கரந்தைத் தமிழ்ச் சங்கம் தோன்றியபோது, அதன் முதல் தலைவரானார். தாம் மறையும்வரை முப்பதாண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். 1925இல் 'தமிழ்ப் பொழில்' என்னும் இதழ் தொடங்கிற்று. 1938இல் புலவர் கல்லூரி எழுந்தது. அவருடைய வேண்டுகோளை ஏற்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ந. மு. வேங்கடசாமி நாட்டார், 1940 முதல் ஊதியம் பெறாமலே கல்லூரி முதல்வராகத் தொண்டாற்றினார். 1941இல் சாந்திநிகேதனைக் கண்டு, கரந்தைக் கல்லூரியைப் பல்கலைக்கழகமாக உயர்த்தும் எண்ணத்தோடு வடநாடு சென்ற உமாமகேசுவரனார், அயோத்தியை அடுத்த பைசாபாத்தில் உயிர்நீத்தார். தலைவர் இறந்தார், சங்கம் இறக்கவில்லை. இதழும் கல்லூரியும் தொடர்ந்து நடந்தன. நூறாண்டைக் கடந்து அச்சங்கம் இன்றும் இயங்குகிறது.

பண்டிதரின் ஈகை குறைந்ததென்று எவரும் கூறார். ஒருவேளை மூவருள் மிகுதியாக ஈந்தவர் அவரே. ஆனால் ஒருவருடைய பணப்பையையும் முயற்சியையும் சார்ந்து நின்ற பணி, அவரோடு தளர்ந்தது. பலரிடம் பொறுப்பு பகிரப்பட்ட பணி நிலைத்தது. ஆகவே, தலைவர் எத்தனை மணி நேரம் தருகிறார் என்பதைவிட, அவர் இல்லாத நேரத்தில் முடிவெடுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வியாகும்.

இக்கேள்வி நம்மையும் சுடுகிறது. ஆயரின் கையொப்பத்திற்காக விடுதிக் காப்பாளர் நாட்கணக்கில் காத்திருப்பதில்லையா? ஞாயிறுதோறும் ஆராதனை நடத்தும் உபதேசியாருக்கு ஆலோசனைக் குழுவில் ஓர் இருக்கையேனும் தந்திருக்கிறோமா? பகுதி நேரத் தலைவர் ஒருவரின் நற்பெயருக்குப் பின்னால், முழு நேரமும் உழைத்தும் பெயர் பெறாத ஒருவர் இருக்கிறார். அவரிடம் உழைப்பை மட்டும் பெற்றுக்கொண்டு அதிகாரத்தை நம்மிடமே வைத்திருப்போமாயின், அதனைப் பணிவிடை என்று அழைப்பதற்கில்லை.

முறைப்பாசனத்தில் எல்லா வயலுக்கும் எந்நாளும் நீர் வருவதில்லை. முறை வந்த நாளில் பாய்ந்த நீரை வரப்பு காத்து நிற்பதாலேயே இடைப்பட்ட நாட்களிலும் பயிர் வாடாதிருக்கிறது. நம் நேரம் குறைவாயிருப்பது குற்றமன்று. வரப்பைக் கட்டாமல் விடுவதே குற்றம்.