குவாந்தான் கடலடியில் இரு போர்க்கப்பல்கள்: பார்க்கப் போவோரும் அறுத்துச் செல்வோரும்

குவாந்தான் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் கண்ணில் படுவது மீன்பிடிப் படகுகளும் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பல்களும்தான். அங்கிருந்து ஏறத்தாழ 60 கடல் மைல் தொலைவில், தென்சீனக் கடலின் அடியில், பிரிட்டிஷ் கடற்படையின் இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் 80 ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடக்கின்றன. ஒன்று ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’. மற்றொன்று ‘ரிபல்ஸ்’.

இரண்டும் 1941 டிசம்பர் 2ஆம் தேதி சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கிய டிசம்பர் 8ஆம் தேதி மாலையே, அட்மிரல் டாம் பிலிப்ஸ் தலைமையில் நான்கு நாசகாரிக் கப்பல்களுடன் வடக்கே புறப்பட்டன. துணைக்குப் போர் விமானம் எதுவும் இல்லை. குவாந்தானில் எதிரிகள் இறங்குவதாக வந்த தகவலை நம்பி அந்தப் பக்கம் திரும்பின. அந்தத் தகவல் பொய். டிசம்பர் 10ஆம் தேதி காலை 11 மணிக்குப் பிறகு ஜப்பானிய விமானங்கள் குண்டுகளோடும் டார்பிடோக்களோடும் வந்தன. பிற்பகல் 12.33க்கு ரிபல்ஸ் மூழ்கியது. முக்கால் மணி நேரத்தில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் மூழ்கியது. மாண்டவர்கள் 840 பேர், அட்மிரல் பிலிப்ஸ் உட்பட. உடன் வந்த நாசகாரிகள் 2,000க்கும் மேற்பட்டோரை மீட்டன. திறந்த கடலில் எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த பெரும் போர்க்கப்பல்கள் விமானத் தாக்குதலால் மட்டுமே மூழ்கடிக்கப்பட்டது வரலாற்றில் அதுவே முதல் முறை. சிங்கப்பூர் வீழ்ந்தது அடுத்த இரண்டு மாதங்களில்.

இப்போது அந்த இடத்துக்கு முக்குளிப்பாளர்களும் செல்கிறார்கள். ஆனால் அது எல்லாருக்கும் உரிய இடமன்று.

ஸ்கூபா பழகத் தொடங்குவோருக்குப் பகாங் மாநிலத்தில் தியோமான் தீவு இருக்கிறது. மெர்சிங்கிலிருந்தோ ரொம்பினை அடுத்த தஞ்சோங் கெமோக்கிலிருந்தோ படகேறலாம். 1994 முதல் அது கடல் பூங்கா. கரையிலிருந்து 2 கடல் மைல் வரை மீன் பிடிக்கவோ பவளத்தை எடுக்கவோ கூடாது. ரெங்கிஸ் என்ற குட்டித் தீவைச் சுற்றி ஆமைகளையும் கறுப்புமுனைச் சுறாக்களையும் பார்க்கலாம். இந்தச் சுறாக்கள் மனிதரைக் கண்டால் விலகிப் போகிறவை, பயப்பட வேண்டாம். மார்ச் முதல் அக்டோபர் வரை பருவம். நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிட்டால் கடல் முரடாகிவிடும், பல விடுதிகளும் கதவடைத்துவிடும்.

தொடக்கநிலைச் சான்றிதழ் உள்ளவர் 18 மீட்டர் வரை இறங்கலாம். மேல்நிலைப் பயிற்சி முடித்தால் 30. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். ரிபல்ஸ் கிடக்கும் கடல்தரையோ சுமார் 56 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் சுமார் 68 மீட்டரில்.

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பதை நினைவில் வைத்தால் இந்த எண்களின் பொருள் புரியும். 68 மீட்டரில் உடலை அழுத்துவது கரையில் உள்ளதைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு. அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் மது அருந்தியதுபோல் மூளையை மயக்கும். உயிர் காக்கும் ஆக்சிஜனே 66 மீட்டர் அளவில் நச்சாகும் எல்லையைத் தொட்டு, வலிப்பை வரவழைக்கக்கூடும். அதனால்தான் ஹீலியம் கலந்த டிரைமிக்ஸ் வாயுவோடு, தொழில்நுட்பப் பயிற்சி பெற்றவர்கள் மட்டும் இறங்குகிறார்கள். அடியில் 20 நிமிடம் இருந்தால், படிப்படியாக நின்று நின்று மேலே வர அதைவிடக் கூடுதல் நேரம் பிடிப்பது வழக்கம். கரைக்குத் திரும்பவே பல மணி நேரம் ஆகும் இடத்தில் அவசரப்பட்டு மேலெழுவது உயிருக்கே உலை வைக்கும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. இரண்டு கப்பல்களும் போர்க்கல்லறைகள். பிரிட்டன் 2001இல் தனது ராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அவற்றைப் பாதுகாக்கப்பட்ட இடங்களாக அறிவித்தது. பார்க்கலாம், தொடக்கூடாது, உள்ளே நுழையக்கூடாது என்பது முறை. பொறுப்பான முக்குளிப்பாளர்கள் இதைக் கடைப்பிடிக்கிறார்கள்.

கடைப்பிடிக்காதவர்கள் பாரந்தூக்கியோடு வருகிறார்கள். கப்பல்களின் உந்துவிசிறிகள் வெடிவைத்துப் பெயர்க்கப்பட்டதாக 2014இல் செய்திகள் வெளியாயின. வெண்கலத்தாலான அந்த விசிறிகளுக்குப் பழைய உலோகச் சந்தையில் நல்ல விலை உண்டு. அணுகுண்டுக்கு முன் வார்க்கப்பட்ட எஃகில் கதிரியக்கம் குறைவு, நுண்ணிய அளவைக் கருவிகளுக்கு அது தேவை என்ற காரணமும் அடிக்கடி சொல்லப்படுகிறது. அது உண்மையான தேவைதான் என்றாலும், இந்தக் கொள்ளைக்கு அவ்வளவு அறிவியல் தேவையில்லை. எடைக்குக் கிடைக்கும் காசே போதும்.

2023 மே மாத இறுதியில், ஜொகூர் கடற்பகுதியில் அனுமதியின்றி நங்கூரமிட்டதாகச் சீனக் கப்பல் ஒன்றை மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் தடுத்துவைத்தது. கப்பலில் துருப்பிடித்த உலோகத் துண்டுகளும் பீரங்கிக் குண்டுகளும் இருந்தன. அவை இந்தப் போர்க்கப்பல்களிலிருந்து எடுக்கப்பட்டவையா என்ற கேள்வி எழுந்தது. பிரிட்டனின் தேசியக் கடற்படை அருங்காட்சியகம் வேதனை தெரிவித்தது.

இதில் சட்டச் சிக்கல் இருக்கிறது. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005 கடலடிப் பொருள்களையும் பேசுகிறது. ஆனால் இந்தக் கப்பல்கள் 12 கடல் மைல் எல்லைக்கு வெகு வெளியே கிடக்கின்றன. கப்பல்களோ பிரிட்டனின் உடைமை. அங்கே நாள்தோறும் காவலுக்கு நிற்கவும் ஆளில்லை.

காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தியோமானுக்கு அருகிலேயே உதாரணம் உண்டு. 1941 டிசம்பரில் ‘ஓ 16’, ‘கே 17’ என்ற இரு டச்சு நீர்மூழ்கிக் கப்பல்கள் கண்ணிவெடியில் சிக்கி அழிந்தன. ஓ 16இல் இருந்தவர்களில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். முக்குளிப்பாளர்கள் கே 17ஐ 1982இலும் ஓ 16ஐ 1995இலும் கண்டுபிடித்தார்கள். பின்னர் போய்ப் பார்த்தபோது இரண்டின் பெரும்பகுதியும் காணாமற்போயிருந்தது. உள்ளே இருந்த மாலுமிகளின் எச்சங்களும் இரும்போடு இரும்பாகப் போய்விட்டன.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கப்பலின் மணி மட்டும் தப்பியது. யாரேனும் திருடிவிடுவார்கள் என்ற அச்சத்தில், உயிர் பிழைத்தோர் மற்றும் பிரிட்டிஷ் தற்காப்பு அமைச்சின் சம்மதத்தோடு 2002இல் முக்குளிப்பாளர்கள் அதை மேலே கொண்டுவந்தார்கள். பின்னர் அது லிவர்பூல் கடல்சார் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.