மருந்து கெட்டித்த கைகள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். கொல்லிமலை குண்டனி நாட்டுக்காரர். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். இப்போது மிளகும் மரவள்ளியும் வைத்திருக்கிறார். அவர் மகள் நாமக்கல்லில் கல்லூரியில் படிக்கிறாள், என்.சி.சி.யில் இருக்கிறாள். முகாமில் பாயின்ட் 22 ரைபிள் கொடுத்துச் சுடச் சொல்லியிருக்கிறார்கள். நன்றாகச் சுட்டாளாம். அடுத்த முகாமுக்குப் பெயர் எடுத்துக்கொண்டார்களாம். சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார்.

"சார், எங்கப்பா மேல இருந்த துப்பாக்கி கேசு பாப்பாவுக்கு எதாச்சும் இடைஞ்சல் ஆகுமா?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கேசில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வரலாறு.

கொல்லிமலை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருபவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியை ஊடுருவி, மானையும் பன்றியையும் கடந்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். செம்மேட்டில் ஓரிக்குக் குதிரைமேல் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில் அரசு விழா எடுக்கிறது. ஆக, குறி பார்ப்பது இந்த மலையில் பெருமைக்குரிய காரியம். வில் இருந்தவரை அது வீரம். வில் போய்த் துப்பாக்கி வந்ததும் அது குற்றம் ஆனது. எப்படி ஆனது என்பதுதான் இந்தப் பதிவு.

மலையில் பதினான்கு நாடுகள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று போகும் வரிசையில் குண்டனி நாடும் ஒன்று. அங்கே வாழ்பவர்களை மலையாளி என்பார்கள். கேரளத்துக்காரர்கள் அல்லர், மலையை ஆளுகிறவர்கள் என்று அவர்களே பொருள் சொல்வார்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகக் கதையும் சொல்வார்கள். நான் 1984-இல் இடைநிலை ஆசிரியராக மலையேறியபோது சாமை, தினை, கேழ்வரகு இன்னும் நிறைய இருந்தன. மரவள்ளி பரவிக்கொண்டிருந்தது. கீழே ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கின. கையில் காசு புரண்டது. கூடவே காட்டுப்பன்றியும் வந்தது. ஒரு வருட உழைப்பை ஒரே இரவில் உழுதுவிட்டுப் போய்விடும். பரண்மேல் உட்கார்ந்து தகரம் தட்டுவார்கள். சில பரண்களில் தகரத்தோடு இன்னொன்றும் இருந்தது. அதுதான் நாட்டுத் துப்பாக்கி.

இன்றைய பிள்ளைகளுக்கு அது எப்படிப்பட்டது என்று தெரியாது. இப்போதைய துப்பாக்கியில் தோட்டாவைப் பின்பக்கம் போடுகிறார்கள். இதில் எல்லாமே குழாயின் வாய் வழியாகத்தான். முதலில் மருந்து, அதன்மேல் தேங்காய் நாரோ துணியோ, அதன்மேல் ரவை. உப்புமா ரவை இல்லை, ஈயக் குருணை. நீளக் கம்பியால் இடித்து இறுக்குவார்கள். இதற்குத்தான் 'கெட்டிப்பது' என்று பெயர். பிறகு குதிரைக்குக் கீழே ஒரு சின்னக் கேப்பு. குதிரை விழுந்தால் கேப்பில் பொறி, பொறியில் மருந்து. அந்தக் கேப்பு வந்த வழி வேடிக்கையானது. 1807-இல் அதற்கு அடிப்படையான முறைக்குக் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். பழைய துப்பாக்கியில் முதலில் எழும் பளிச்சைக் கண்டு வாத்துகள் பறந்துவிடுகின்றன என்ற எரிச்சலில் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள்.

மருந்து என்ற சொல்லைப் பாருங்கள். நோய்க்கும் மருந்து, துப்பாக்கிக்கும் மருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றையும் அரைத்துச் சேர்ப்பதால், நாட்டு வைத்தியரின் கல்வமும் வேட்டுக்காரரின் உரலும் தமிழனுக்கு ஒன்றாகவே தெரிந்திருக்கின்றன. கோயில் திருவிழாவில் அதிர்வேட்டுக் குழாய்க்குள் இடிப்பதும் இதே மருந்துதான். வெடியுப்பு பழைய மண்சுவரிலும் மாட்டுக் கொட்டகை மண்ணிலும் வெள்ளையாகப் பூக்கும். அந்த மண்ணைக் கரைத்துக் காய்ச்சி எடுப்பதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் நாடு முழுவதும் இருந்தன. சாதாரண உப்பு இல்லை அது. பிளாசிப் போர் முடிந்த மறுவருடமே, 1758-இல், பீகார் வெடியுப்பு முழுவதையும் வாங்கும் ஏகபோக உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவின் போர்களில் வெடித்த மருந்தில் நம் மாட்டுக் கொட்டகை மண்ணும் இருந்தது.

மருந்தின் அருமை தெரிந்தவன் அதை மற்றவன் கையில் விடமாட்டான். 1801-இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தென்சீமையில் இனி மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. 1857-இல் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைய என்ஃபீல்டு தோட்டா ஒரு காகிதப் பொட்டலம். அளந்த மருந்தும் குண்டும் உள்ளே இருக்கும். சிப்பாய் அதைப் பல்லால் கிழித்துக் குழாயில் கொட்ட வேண்டும். காகிதத்தில் தடவிய கொழுப்பு பசுவுடையதா, பன்றியுடையதா என்ற சந்தேகத்தில் பற்றிய நெருப்புத்தான் அது. பயந்துபோன அதிகாரிகள், சிப்பாய்களே தங்கள் கையால் எண்ணெயோ மெழுகோ தடவிக்கொள்ளலாம், பல்லுக்குப் பதில் கையால் கிழிக்கலாம் என்றார்கள். காலம் கடந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்ததுதான் 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். லிட்டன் பிரபு காலத்தில் போட்டது. இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, வெள்ளைக்காரருக்கு விலக்கு. அகிம்சையைச் சொன்ன காந்தியடிகளே இந்தச் சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். 1931 கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஓர் அம்சம். சுதந்திரம் வந்தபின் 1959-இல் புதுச் சட்டம் வந்தது. அதில் உழவனுக்கு ஒரு கதவு திறந்தே இருக்கிறது. உண்மையிலேயே பயிர்க் காவலுக்கு என்றால், வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் அந்தக் கதவைத் தட்ட மனு எழுத வேண்டும், எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத மனிதன் என்ன செய்வான்? துப்பாக்கியைக் கூரைக்குள் செருகி வைத்தான்.

தோட்டா கடையில் கிடைக்கும், லைசென்ஸ் காட்டி எண்ணி வாங்க வேண்டும். வாய்வழித் துப்பாக்கிக்குக் கடையே வேண்டாம். உலகம் பின்வழித் தோட்டாவுக்குப் போய் நூறு வருடம் ஆன பிறகும் நம் மலையில் பழைய துப்பாக்கி நிலைத்ததற்கு இதுவே காரணம். யாரும் பழமைமேல் ஆசைப்பட்டு வைத்திருக்கவில்லை.

வெளிநாட்டில் இன்றும் பலர் வீட்டிலேயே தோட்டா கெட்டிக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை எடுத்துச் சுத்தம் செய்து, புதுக் கேப்பு, மருந்து, குண்டு வைத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் ஜான் பார்லோ என்பவர் 1884-இல் இதற்கான கைக்கருவிகளைச் செய்து விற்க ஒரு கம்பெனியே தொடங்கினார். செலவு மிச்சம் என்பது ஒரு காரணம். குறி பார்த்துச் சுடுபவர்களுக்குப் பெரிய காரணம் வேறு. ஒவ்வொரு தோட்டாவிலும் மருந்தும் குண்டும் இம்மி பிசகாமல் ஒன்றுபோல் இருந்தால்தான் ஒவ்வொரு குண்டும் ஒரே இடத்துக்குப் போகும். கம்பெனிக்காரனைவிடத் தன் கையை நம்புகிற மனசு அது. வாய்வழித் துப்பாக்கிக்காரர்களுக்கென்றே 1971-இல் ஒரு சர்வதேச அமைப்பு உருவாகி இன்றும் போட்டிகள் நடத்துகிறது. அங்கே பரிசு வாங்குகிற அதே வேலைக்கு இங்கே சிறை. உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ செய்வதற்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு வருடம்.

நம் பக்கத்திலேயே ஒரு விலக்கு உண்டு. குடகு மலையில் கொடவர்களுக்கு வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே லைசென்ஸ் வேண்டாம். 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. கைல்போள்து பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டிக் கும்பிட்டு, பிறகு உயரத்தில் கட்டிய தேங்காயைக் குறிபார்த்துச் சுடுவார்கள். குடகும் மலை, கொல்லியும் மலை. ஒருவருக்குப் பண்டிகை, ஒருவருக்கு வழக்கு. ஆங்கிலேயருக்கு வேண்டியவராக இருந்தவர்க்கும் கண்ணில் படாமலே இருந்தவர்க்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

நான் வீட்டு மருந்துக்குக் கொடி பிடிக்கவில்லை. எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். வலது கன்னம் முழுக்கப் பச்சை குத்தியதுபோல் நீலப் புள்ளிகள், வலது கண் இல்லை. கொல்லிமலை மூடுபனியில் மருந்து நமத்துப்போகும். நமத்த மருந்தை அடுப்புப் பக்கம் வைத்து உலர்த்தியிருக்கிறார். "மருந்துக்குத் தெரியுமா வாத்தியாரய்யா, நான் எசமான்னு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1903-இல் நீலகிரி அருவங்காட்டில் புகையில்லா மருந்துத் தொழிற்சாலையை அரசு தொடங்கியபோது, மருந்து வீட்டை விட்டுக் காவலுள்ள கட்டடத்துக்குப் போனது. அதிலும் ஒரு நியாயம் உண்டு.

இப்போது என் பங்கு.

1987 என்று நினைவு. மூன்றாம் வகுப்பில் ஓரி கதை நடத்தினேன். முடித்துவிட்டு, "இந்த மாதிரி குறி பார்க்க இப்ப யாரால முடியும்?" என்று கேட்டேன். ஒரு பையன் துள்ளி எழுந்தான். "எங்கப்பா, சார்! ராத்திரியிலயே பன்னிய அடிப்பாரு! துப்பாக்கி எங்க கூரையில இருக்குது!" வகுப்பே கைதட்டியது. நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் டீக்கடையில் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். யார் யார் இருந்தார்கள் என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். பத்து நாள் இருக்கும், வீட்டைச் சோதனை போட்டு அவன் அப்பாவைக் கூட்டிப்போனார்கள். துப்பாக்கியும் மருந்துக் கொம்பும் சிக்கின. அந்த அறுவடைக்குக் காவல் இல்லை. பையன் இரண்டு மாதம் பள்ளிக்கு வரவில்லை. வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

போனில் பேசியவர் அந்தப் பையன்தான்.

மறுநாள் காலையில் நானே கூப்பிட்டேன். முதலில் அவர் கேட்டதற்குப் பதில் சொன்னேன். தாத்தா மேல் இருந்த வழக்கு பேத்தியைத் தொடாது, என்.சி.சி.யில் அவள் சுடுவது அரசாங்கத் துப்பாக்கி, அரசாங்கத் தோட்டா, தைரியமாக அனுப்புங்கள். பாயின்ட் 22 தோட்டாவில் கேப்பு தனியாகக் கிடையாது, விளிம்புக்குள்ளேயே மருந்து இருக்கும். அதை யாரும் வீட்டில் கெட்டிப்பதில்லை என்றும் சொன்னேன். சிரித்தார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிளில் ஒலிம்பிக் வரை போனதையும், புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டதையும் சொன்னேன். ஏர் ரைபிள் போட்டியில் பத்து மீட்டர் தள்ளி இருக்கும் அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான் என்றதும், "ஓரிக்கே கஷ்டம் சார்" என்றார்.

பிறகு டீக்கடை விஷயத்தைச் சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேல் சொல்லாமல் வைத்திருந்தது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நீங்க சொல்லலைன்னாலும் வேற யாராச்சும் சொல்லியிருப்பாங்க சார். மலையில எது மறைஞ்சிருக்கு?" என்றார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. இதை எழுதட்டுமா என்று கேட்டேன். பேர் போடாமல் எழுதச் சொன்னார்.

பன்றிப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றியை வனத்துறையினரே சுடலாம் என்றது. கீழ்நாட்டுக்கு நல்ல செய்திதான். காடும் வயலும் ஒட்டிக்கிடக்கும் மலைநாட்டில் அந்த மூன்று கிலோமீட்டரை எங்கே போய் அளப்பது? இதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்க வேண்டும்.

மலையில் இதைப் படிக்கிற பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூரையில் தாத்தா காலத்துத் துப்பாக்கி இன்னும் இருந்தால், காவல்துறை ஒப்படைக்கச் சொல்லி அறிவிக்கும்போது ஊர்ப் பெரியவரோடு போய்க் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன், அதன் கதையைத் தாத்தாவிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். துப்பாக்கி போகட்டும். கதை போக வேண்டாம்.

நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பாப்பா சுட்ட அட்டை. ஐந்து ஓட்டைகள், ஒரு உள்ளங்கைக்குள் அடங்கும். கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "எங்கப்பா இருந்திருந்தா பாத்திருப்பாரு சார்."