வில்லை கட்டிய வண்டி

நொய்யலின் தென்கரையில் இருக்கிறது சாமளாபுரம். அதற்கு வடக்கே சேலம்–கோவை நெடுஞ்சாலை; தெற்கே காரணம்பேட்டை வழியாகச் செல்லும் கோவை–பல்லடம் சாலை. லாரியும் கம்பெனி வேனும் நிறையும் முன் இந்தப் பகுதியின் தறியும் பனியனும் பெரும்பாலும் சைக்கிளை நம்பித்தான் ஓடின. இங்கே மின்தறி என்பது ஒரே கூரைக்குள் அடங்கிய ஆலையல்ல. பாவும் நூலும் கொடுப்பவர் ஒருவர், கூலிக்கு ஓட்டிக் கொடுப்பவர் வேறொருவர். பனியனிலும் நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் இன்னோரிடம். இடையிலிருந்த தூரத்தைக் கடக்கச் சைக்கிளும் அதன் கேரியரும் வேண்டியிருந்தன. நள்ளிரவு ஷிப்ட் முடித்துத் தறிக்குடோனிலிருந்து ஊர் திரும்புகிறவருக்கு வேறு வண்டி ஏது? எந்த எந்திரம் எந்த ஆண்டு இறங்கியது என்று விவரமாக எழுதும் தொழில் வரலாறுகள், ஆள் எதில் ஏறி வந்தான் என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

அந்தக் காலத்துச் சைக்கிளுக்குச் சட்டம் இருந்தது. 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் வண்டிகளுக்கு வரி விதிக்க இடம் கொடுத்தது. பின்னாளில் பஞ்சாயத்துகளும் வாகன வரி வாங்கின. வரி கட்டினால் ஒரு தகர வில்லை தருவார்கள், அதை வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டும். இரவில் விளக்கில்லாமல் போனாலும் டபுள்ஸ் ஏற்றினாலும் போலீஸ் பிடிக்கும். 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கி, ஹெர்குலிஸ் போன்ற வண்டிகள் உள்நாட்டிலேயே உருவான பிறகும் இந்தக் கெடுபிடி நீடித்தது. ஏழையின் வண்டிக்கு வரியா என்று கேட்டால் நியாயம்தான். ஆனாலும் அந்த வில்லைக்குள் ஓர் ஒப்புதல் இருந்தது: இது சாலையில் ஓடும் வண்டி, இதற்கும் கடமை உண்டு, ஆகவே இடமும் உண்டு.

வில்லை வழக்கொழிந்தபோது அந்த ஒப்புதலும் சேர்ந்தே போய்விட்டது என்பதுதான் என் வாதம். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமோ 1988ஆம் ஆண்டுச் சட்டமோ சைக்கிளைத் தன் வண்டியாக எண்ணவில்லை. 1989இல் வந்த சாலை விதிகள், சைக்கிள் தடம் இருக்கும் இடத்தில் போலீஸ் அனுமதியின்றி மோட்டார் ஓட்டக்கூடாது என்றன. தடமே போடாத ஊரில் அந்த விதிக்கு என்ன வேலை? சைக்கிள்காரரை மோட்டார் சட்டம் முழுமையாக நேர்கொண்டு பார்த்தது அவர் அடிபட்ட பிறகுதான். 1982ஆம் ஆண்டுத் திருத்தம், யார் தவறு என்று கேட்காமலே உயிரிழப்புக்கு 15,000 ரூபாய் இழப்பீடு என்றது. நல்ல திருத்தம்தான், சந்தேகமில்லை. ஆனால் சாலையில் கிடைக்காத கவனம் தீர்ப்பாயத்தில், அதுவும் வாரிசுகளுக்குக் கிடைத்தது.

இப்போது யார் சைக்கிள் மிதிக்கிறார்கள் என்று கேட்கலாம். 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்ததிலிருந்தே மாற்றம் தொடங்கியது உண்மை. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதும் தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. மோட்டார் இருசக்கர வண்டி இருந்த வீடுகள் அதைவிடக் குறைவு. 2001–02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கெனத் தொடங்கிப் பின்னர் எல்லோருக்குமாக விரிந்த விலையில்லா சைக்கிள் திட்டத்தில் அரசே வண்டியைக் கொடுக்கிறது. வண்டி கொடுக்கும் துறைக்கும் சாலை போடும் துறைக்கும் அறிமுகமே இல்லை போலும். பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் இளைஞர்களில் பலருக்கும் சைக்கிள்தான் முதல் வண்டி. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: சைக்கிள்காரர்களே விதியை மதிப்பதில்லை, எதிர்த்திசையில் வருகிறார்கள். வருகிறார்கள்தான். நடுத்தடுப்பு எழுப்பிய நெடுஞ்சாலையில், எதிரே தெரியும் கம்பெனிக்குப் போகத் தொலைவிலுள்ள திறப்புவரை மிதித்துத் திரும்ப வேண்டும் என்றால், எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த கால்கள் குறுக்குவழியைத்தான் தேடும். இது ஒழுக்கக்கேடு மட்டுமல்ல. மோட்டாரை மட்டும் மனதில் வைத்துச் சாலையை வரைந்ததன் விளைவும்கூட.

இந்தப் பகுதிக்கு அக்கம்பக்கத்திலிருந்தே ஒரு வழக்கு புறப்பட்டது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்புக்காகப் பொதுநல மனு போட்டார். இடையில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், மோட்டார் அல்லாத வண்டிகள் பொது இடங்களிலும் தேசிய நெடுஞ்சாலைகளிலும் நுழைவதையும் இயங்குவதையும் ஒழுங்குபடுத்த மாநில அரசு விதி செய்யலாம் என்றது. 2025 அக்டோபரில் அதே வழக்கில் நீதிமன்றம் அந்த விதிகளை ஆறு மாதத்தில் உருவாக்கச் சொன்னது. இந்த அதிகாரத்தை வைத்துத் தடமும் போடலாம், ‘சைக்கிளுக்கு அனுமதி இல்லை’ என்று பலகையும் நடலாம். பலகை நடுவது மலிவு. ஆனால் சாமளாபுரத்திலிருந்து கிளம்புகிறவர் வடக்கே போனாலும் தெற்கே போனாலும் கடைசியில் ஒரு தேசிய நெடுஞ்சாலையில்தான் ஏற வேண்டும்.