அரையிற் கட்டிய துணி: கொழும்புத் தமிழரின் வேட்டி மரபும் அதன் மாற்றங்களும்

வேட்டி தமிழரின் தொன்மையான உடை என்பதில் ஐயுறவு கொள்வோர் இலர். ஆயின், அதனை எவ்வாறு கட்டுவது மரபு என்ற வினா எழும்போது கருத்தொருமை குலைந்துவிடுகின்றது. வெள்ளவத்தைத் திருமண மண்டபங்களில் ஒட்டுநாடா பொருத்திய வேட்டியும் இடைப்பட்டியுமாக வந்து நிற்கும் இளைஞரைக் கண்டு முதியோர் முகஞ்சுளிப்பதுண்டு. அம்முகச்சுளிப்பின் அடியில் ஓர் எடுகோள் கிடக்கின்றது: தாம் கட்டிப் பழகிய முறையே முன்னோர் கட்டிய முறை என்பதே அது. கணுக்கால்வரை தழையும் தூய வெள்ளை வேட்டி, கழுத்துப்பட்டியற்ற நீண்ட சட்டை, தோளில் மடித்த சால்வை என்னும் அக்கோலம் உண்மையில் எத்துணைப் பழையது? அது எவர் எவருக்கு உரியதாயிருந்தது? கடந்த நூற்றைம்பது ஆண்டுக்காலக் கொழும்பு வாழ்வை இவ்வினாக்களோடு அணுகுமிடத்து, மரபு எனப்படுவதிற் பெரும்பகுதி அண்மைக்காலத்தில் உருவானது என்பதும், அது உருவான வழியில் உரிமைப் போராட்டங்கள் பல நிகழ்ந்தன என்பதும் புலனாகும்.

இவ்வழக்கு தமிழருக்கு மட்டும் உரியதன்று. அரையில் துணி சுற்றும் பிறிதொரு மக்கட்கூட்டத்தாராகிய ஸ்கொத்லாந்து மலைநாட்டவரிடையேயும் இது உண்டு. அவர்களின் 'கில்ற்' எனும் ஆடை ஆதியில் உடல் முழுவதையும் போர்த்து, இடையிற் பட்டியால் இறுக்கப்பட்ட ஒரே நீண்ட கம்பளித் துணியாயிருந்தது. இன்று உலகறிந்த, மடிப்புத் தைத்த குறுங்கில்ற், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரும்பாலை நடத்த அங்கு சென்ற தோமஸ் றோலின்சன் என்னும் ஆங்கிலேயர் தம் தொழிலாளரின் வசதிக்காக அமைத்தது என ஹியூ ட்ரெவர்-றோப்பர் 1983இல் வெளிவந்த தமது கட்டுரையில் வாதிட்டார். ஸ்கொத்லாந்து அறிஞர் சிலர் இதனை மறுப்பர். மறுக்கவியலாத செய்தி வேறொன்று. 1746இல் பிரித்தானியப் பாராளுமன்றம் மலைநாட்டுடையைச் சட்டத்தால் தடைசெய்தது. முதற்குற்றத்துக்கு ஆறுமாதச் சிறை. மீண்டும் அணிந்தால் ஏழாண்டு நாடுகடத்தல். படைவீரருக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. 1782இல் தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னன் எடின்பரோவுக்கு வந்தபோது அதே உடையைத் தானே தரித்து நின்றான். ஆட்சியாளர் அஞ்சிய துணி எழுபத்தாறு ஆண்டுகளில் ஆட்சியாளரின் அலங்காரமாயிற்று. குலத்துக்கொரு கட்டம் என்னும் வழக்கின் பெரும்பகுதியும் அதன் பின்னர் விரிந்ததே.

ஸ்கொத்லாந்தில் அரசு செய்ததை யாழ்ப்பாணத்தில் சாதி செய்தது. அங்கு வேட்டி கட்டும் முறைகள் பல வழங்கின. துணியின் ஒரு தலைப்பைக் கால்களுக்கிடையே கொணர்ந்து பின்புறம் செருகுவது கொடுக்கு; வயலிலும் கடலிலும் பனையிலும் உழைப்போருக்கு உகந்தது. மடிப்புகளோடு விரிவாகச் செய்யப்படின் அதுவே கச்சம், அந்தணர் சடங்குக்குரியது. வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்து இடுப்பிற் செருகுவது சண்டிக்கட்டு. பெரியவர் எதிர்ப்படின் அதனை அவிழ்த்துவிடுதல் பணிவாகக் கொள்ளப்பட்டது. எட்டுமுழ வேட்டியை இரட்டையாக்கித் தழையக் கட்டுவது ஓய்வும் வசதியும் படைத்தோர் வழக்கம். நாலுமுழத் துண்டு ஏனையோருக்கு.

இவற்றை வெறும் வசதி சார்ந்த வேறுபாடுகள் எனக் கொள்ளுதல் தவறு. ஒடுக்கப்பட்ட சாதியார் முழங்காலுக்குக் கீழ் வேட்டி தழையக் கட்டுதல், மேற்சட்டை அணிதல், தோளிற் சால்வை இடுதல், செருப்பணிதல், குடை பிடித்தல் ஆகியன விலக்கப்பட்டிருந்தன. உயர்சாதியாரைக் காணின் தோளிலிருந்த துண்டு அரைக்கோ கக்கத்துக்கோ இறங்கவேண்டும். மீறியோர் அடிக்கப்பட்டனர், அவர்தம் குடிசைகளும் எரிக்கப்பட்டன. இவ்விடத்து ஒன்று நோக்கற்பாலது. கோயில் வாயிலில் உயர்சாதியாரும் சட்டையைக் களைந்து, சால்வையை அரையிற் கட்டிக்கொண்டே இறைவன்முன் நிற்பர். இறைவனுக்குச் செய்யும் அதே வணக்கத்தை மனிதர் சிலர் தமக்கும் செய்யுமாறு மனிதர் வேறு சிலரை வற்புறுத்தினர் என்பதே இதன் பொருள். தூய வெள்ளை என்பதும் எளிதிற் கிட்டுவதன்று. அழுக்கை வெளுத்து, கஞ்சியிட்டு, மடித்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். சலவைத் தொழிலாளரின் ஊழியம் சாதிமுறையாற் கட்டுண்டிருந்த சமூகத்தில், வெள்ளை வேட்டி உடுத்தவரின் தூய்மையைக் காட்டியதிலும் அவர் பெறத்தக்க ஊழியத்தையே மிகுதியாகக் காட்டிற்று.

இந்நிலையிற் கொழும்பு வேறோர் உலகமாயிருந்தது. துறைமுகமும் அரசாங்க அலுவலகங்களும் பலதிசை மக்களையும் ஓரிடத்துக் கூட்டின. தெருவிற் செல்வோன் இன்னான் என்று அறிந்து அவன் சால்வையை இறக்குவிக்க இங்கு ஊரார் இல்லை. சாதி கொழும்பில் ஒழிந்துவிட்டது என்பது இதன் பொருளன்று. திருமணப் பேச்சிலும் குடியிருப்பிலும் அது நன்றாகவே உயிர்வாழ்ந்தது. ஆயினும் தழையக் கட்டிய வேட்டியும் சட்டையும் காசு கொடுத்து வாங்கக்கூடிய பண்டங்களாயின. உடை வேறுபாட்டைக் குறித்தெழும் பகையையும் சட்டம் பின்னரே எட்டிப்பார்த்தது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது 1957இலேயாம்.

கொழும்பின் பழைய மேற்குடியினரின் உடையோ விசித்திரமானது. கரைநாட்டுச் சிங்கள முதலிமார் காற்சட்டை அணிந்து, அதன்மேற் கம்பாயத்தைச் சுற்றி, நீண்ட கோட்டும் தரித்தனர். குஜராத்தின் கம்பாய்த் துறைமுகத்தின் பெயரையே அத்துணி தாங்கிற்று. மேலைநாட்டு உடையை அணியவும் வேண்டும், அணியாதது போலிருக்கவும் வேண்டும் என்னும் இருமனத்துக்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பதரிது. தமிழ் எழுதுவினைஞரும் சட்டத்தரணிகளும் தம்வழியில் அதே இருமனத்தைத் தைத்துக்கொண்டனர்: கீழே வேட்டி, மேலே மூடிய கோட்டு, தலையிற் பாகை. சேர் பொன்னம்பலம் இராமநாதனின் புகழ்பெற்ற படங்களில் தலைப்பாகையும் சால்வையும் அவரின் தோற்றத்தோடு பிரிக்கவியலாதனவாய் நிற்கின்றன.

இதற்கு நேர்மாறான காட்சி கொட்டாஞ்சேனைக்கு அண்மையில், செட்டியார் தெருவிற் காணப்பட்டது. ஆங்கில வங்கிகளிற் பெருந்தொகை கடன்பெற்றுச் சிங்கள, தமிழ், முஸ்லிம் வணிகருக்கு வட்டிக்குக் கொடுத்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வெற்றுமேனியராய், ஒற்றை வெள்ளை வேட்டியோடு, நெற்றியில் நீறு துலங்கப் பாயில் அமர்ந்து கணக்கெழுதினர். அவர்தம் வேலைச் சுமந்த தேர் ஆண்டுதோறும் ஆடிவேல் விழாவிற் பம்பலப்பிட்டிக்கு ஊர்ந்தது. கோட்டும் பாகையும் இல்லாமல் நம்பிக்கை பிறக்காது என்று கருதிய எழுதுவினைஞருக்கு அத்தெரு ஒரு மறுமொழி. செல்வம் போதிய அளவு இருப்பின் சட்டை தேவையில்லை போலும்.

அரசின் மன்றங்களில் அவ்வாறு இருக்க இயலவில்லை. 1905இல் உயர் நீதிமன்றத்தில் துருக்கித் தொப்பியோடு தோன்றிய சட்டத்தரணி எம். சி. அப்துல் காதரைப் பிரதம நீதியரசர் லேயார்ட் ஏற்க மறுத்தார். அவ்வாண்டு திசெம்பர் 31ஆம் நாள் மருதானையில் முஸ்லிம்கள் பெருங்கூட்டம் கூட்டிக் கண்டித்தனர். பின்னர் அவ்வுரிமை வழங்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்திற் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, ஐரோப்பிய உடையைச் சிந்தனையின்றிப் பின்பற்றுவதைக் கடிந்தெழுதி, இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தையும் தோற்றுவித்தார். ஆயின் அவர் போற்றிய 'சுதேச உடை' எது என்பதிலேயே சிக்கல் இருந்தது. கண்டிப் பிரதானியின் உடையா, செட்டியாரின் வெற்றுமேனியா, கொடுக்குக் கட்டிய உழவனின் துண்டா? மேட்டுக்குடி இயக்கங்கள் மூன்றாவதைப் பெரும்பாலும் கருதவேயில்லை.

அதனைக் கருதவைத்தவர் காந்தியடிகள். 1921இல் மதுரையில் அரைத்துணிக்கு மாறிய அவர், 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து கதர் நிதி திரட்டினார். அவரை வரவேற்ற யாழ்ப்பாண வாலிப காங்கிரஸார் கதராடையைப் போற்றியதோடு சாதியொழிப்பையும் தம் கொள்கையாகக் கொண்டிருந்தனர். வேட்டி உயர்சாதி அடையாளம் என்ற நிலையிலிருந்து நாட்டுணர்வின் அடையாளம் என்ற நிலைக்கு நகர்ந்ததில் அவ்விளைஞருக்குப் பங்குண்டு. இன்று 'மரபு' எனக் காட்டப்படும் வெள்ளை வேட்டி, நீள்சட்டை, சால்வைக் கோலம் பொதுவாழ்விற் பரவியது இக்காலத்திலும் இதன் பின்னருமே.

இதற்கிடையில், எவரும் கொள்கை வகுக்காமலே மற்றோர் ஆடை வீடுகளுட் புகுந்தது. சாரம் வேட்டியினின்றும் ஒரே தையலால் வேறுபடுவது: இருமுனையும் இணைக்கப்பட்டுக் குழாயாகிவிட்டது. மலாயரும் முஸ்லிம்களும் அணிந்த அதன் கட்டமிட்ட வகையைப் பழவேற்காட்டின் பெயரால் வழங்குவர். சோழமண்டலக் கரையின் நெசவு கடல்கடந்து பெற்ற பெயர் அது. கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் மூடை சுமந்த நாட்டாமைகள் சாரத்தைச் சண்டிக்கட்டாக உயர்த்தி, அதன்மேற் பணப்பை தைத்த அகன்ற தோற்பட்டியை இறுக்கினர். இளைஞரின் இடைப்பட்டியைப் புதுமை என்று பழிப்போர் இவர்களை மறந்துவிடுகின்றனர். வெள்ளவத்தையில் நூற்றலும் நெசவும் நடத்திய பெரும் ஆலையிலும் துணி பிறந்தது. 1933இல் அங்கு நிகழ்ந்த வேலைநிறுத்தம் இலங்கை இடதுசாரி இயக்கத்தின் தொடக்கக் களங்களுள் ஒன்று. அக்காலத்தில் மலையாளித் தொழிலாளருக்கு எதிரான பகையும் மூட்டப்பட்டது. அவ்வாலை நின்ற நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. அதன் சூழலிற் குடியேறிய யாழ்ப்பாண எழுதுவினைஞர் பகலிற் களிசானும் மாலையிற் சாரமுமாக வாழப் பழகினர். வேட்டி நாளாந்த உடையாயிருந்த நிலை மாறி, கோயிலுக்கும் மேடைக்கும் மணவறைக்கும் சாவீட்டுக்கும் உரியதாய்ச் சுருங்கியது.

1956 இம்மாற்றத்துக்கு அரசியற் கூர்மை தந்தது. தேசிய உடை அணிந்தோர் ஆட்சிக்கு வந்தனர். அவ்வுடையாவது வெள்ளை அரைத்துணியும் கழுத்துப்பட்டியற்ற நீண்ட வெள்ளைச் சட்டையும். சற்றுத் தொலைவிலிருந்து நோக்கின் தமிழ்த் தலைவரின் கோலத்துக்கும் அதற்கும் வேற்றுமை காண்பது கடினம். கரையும் சால்வையுமே வேறுபாடு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் நேர்த்தியான மேலைநாட்டுடைக்குப் பெயர்பெற்றவர். தமிழரசுக் கட்சியினரோ வேட்டியைக் கட்சியின் தோற்றமாகவே ஆக்கினர். அவ்வாண்டு யூன் 5ஆம் நாள் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்துக் காலிமுகத்திடலில் அறப்போரில் அமர்ந்த அவர்கள் தாக்கப்பட்டனர். தாக்கியோரும் தாக்குண்டோரும் ஒத்த வெள்ளைத் துணியை வெவ்வேறு நாட்டுணர்வுகளின் கொடியாகக் கொண்டிருந்தனர்.

1958இலும் 1977இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்களில் உடை உயிர்ப்பிரச்சினையாயிற்று. நெற்றியின் நீறும் பொட்டும், காதின் துளையும், அரையின் வேட்டியும், வாயின் உச்சரிப்பும் ஆளை இனங்காட்டின. 1983 யூலையில் வெள்ளவத்தைத் தமிழர் இல்லங்கள் பல எரிந்தன. அதன்பின் வேட்டியோடு பேருந்தில் ஏறுவதைத் தவிர்த்து, களிசானில் கோயில் சென்று அங்கு உடைமாற்றிக்கொள்வது பலருக்கு விவேகமாகப் பட்டது. கட்டும் முறை ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்ததற்குப் போய்ச்சேராமைக்கு நாகரிக மோகத்தை மட்டுங் காரணங் காட்டுவோர் இந்த அச்சத்தைக் கணக்கிற் கொள்வதில்லை. நாள்தோறும் தந்தை கட்டக் காணாத மகன் மணநாளில் அதனைத் தானே எவ்வாறு கட்டுவான்?

அவனுக்காகவே ஒட்டுநாடா வந்தது. தமிழகத்து நிறுவனங்கள் ஆக்கி அனுப்பும் அத்தகைய வேட்டிகளை வெள்ளவத்தைக் கடைகளில் வாங்கலாம். தைத்த பணப்பையும் அதில் உண்டு. தமிழகத்திலும் வேட்டியின் நிலை உறுதியாயிருந்ததெனக் கூறவியலாது. 2014 யூலையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் சென்னையிலுள்ள கிரிக்கெட் சங்கக் கழகமொன்றில் அனுமதி மறுக்கப்பட்டார். வெள்ளையர் ஆட்சி போய் அறுபத்தேழு ஆண்டுகளின் பின்னரும் அவர்தம் உடைவிதி அங்கு உயிரோடிருந்தது. அதே ஆண்டில் தமிழக அரசு இயற்றிய சட்டம், வேட்டி கட்டியவரைப் பொதுவிடத்தில் தடுப்போருக்குச் சிறையும் தண்டமும் விதித்தது. ஸ்கொத்லாந்தில் அரைத்துணி கட்டியவனுக்குச் சிறை. இங்கோ அவனை மறித்தவனுக்கு.

ஒட்டுநாடா வேட்டியில் ஒரு குறை உண்மையாகவே உண்டு. சுற்றிச் செருகும் வேட்டிக்கு அளவில்லை. உண்டபின் இளக்கலாம், குனியுமுன் இறுக்கலாம், தந்தையின் வேட்டி மகனுக்கும் பொருந்தும். முனை தைத்த வேட்டி இடையளவைக் கேட்கின்றது. சண்டிக்கட்டுக்கும் அது இசைந்து வருவதில்லை. மடித்தால் நாடா வெளியே தெரியும். ஆனால் முழங்காலுக்குக் கீழ் தழைய விட்டமைக்காக அடிவாங்கியோரின் பேரர்களும், அடித்தோரின் பேரர்களும் ஒரே கடையில் ஒரே நீளத்தில் அதனை வாங்கிச் செல்கின்றனர்.