சையது தாஜுதீனின் ஓவியங்களில் நோக்கும் இயற்கையும் பண்பாட்டு அடையாளமும்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாறு குறித்த ஆய்வுகள் தோட்டப்புற வாழ்வு, தமிழ்க்கல்வி, படைப்பிலக்கியம் ஆகியவற்றைச் சுற்றியே பெரிதும் அமைந்துள்ளன. ஓவியத் துறையில் தமிழர் ஆற்றிய பணி அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. பினாங்கில் வளர்ந்த ஓவியர் சையது தாஜுதீனின் படைப்புகள் இக்குறையை நன்கு உணர்த்துகின்றன. ஒரு கலைஞரின் பண்பாட்டு அடையாளம் அவர் தேர்ந்துகொள்ளும் கதையில் உள்ளதா, அக்கதையைக் காணும் முறையில் உள்ளதா என்னும் வினாவை அவருடைய ஓவியங்களைக் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

அழகன்குளமும் பினாங்கும்

தாஜுதீன் 1943இல் இராமநாதபுரம் பகுதியிலுள்ள அழகன்குளத்தில் பிறந்தார். வைகை கடலொடு கலக்குமிடத்தை ஒட்டிய இவ்வூர் பண்டைத் துறைமுகமாக விளங்கியதை 1980களில் தொடங்கிய அகழாய்வுகள் காட்டின. உரோமானியக் காசுகளும் கப்பல் உருவம் கீறப்பட்ட பானை ஓடும் அங்குக் கிடைத்துள்ளன. அத்தகைய கடற்கரையிலிருந்து சிறுவயதிலேயே அவர் பினாங்கு வந்தார். 1786இல் ஜார்ஜ் டவுன் நிறுவப்பட்ட காலந்தொட்டுத் தமிழ் முஸ்லிம் வணிகர் வேரூன்றிய நகரம் அது. சீனாவில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த சுவா தியான் தெங், 1950களில் பாத்தேக் துணி நுட்பத்தை நவீன ஓவியமாக வளர்த்ததும் அந்நகரிலேயாகும். அவர் இம்மண்ணின் நுட்பத்தை ஏற்றார். தாஜுதீன் தாம் வெளியிற் கற்ற நுட்பத்தை இம்மண்ணின் கதைகளுக்கு அளித்தார் எனலாம்.

சென்னை தந்த பயிற்சி

அந்நுட்பத்தை அவர் கற்ற இடம் சென்னை. 1960களின் பிற்பகுதி தொடங்கிச் சில ஆண்டுகள் அங்குள்ள அரசு கலை, கைத்தொழில் கல்லூரியில் பயின்றார். 1957 முதல் 1967 வரை அதன் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக வழிவகுத்தவர். ஐரோப்பிய நிழல்வண்ண முறையைப் பின்பற்றாது, நம் மரபின் கோட்டுக்கு முதன்மை தரும் சிந்தனை அக்கல்லூரியில் வேரூன்றியிருந்தது. அஜந்தா சுவரோவியங்களும் முகலாய, இராஜஸ்தானிய நுண்ணோவியங்களும் தாஜுதீனின் பார்வையை வளப்படுத்தின. நீண்ட விழிகள், நெளிந்தோடும் கோடு, ஆழம் காட்டாது பரந்து விரியும் தளம் ஆகியன அவருடைய தனி முத்திரைகளாயின.

1971 மாநாடும் இராமகாதை ஓவியமும்

1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு நடைபெற்றது. தேசியப் பண்பாடு இவ்வட்டாரப் பூர்வீகப் பண்பாட்டை அடிப்படையாகக் கொள்ள வேண்டும், பிற பண்பாடுகளின் ஏற்புடைய கூறுகளைச் சேர்க்கலாம், இஸ்லாம் அதன் முக்கியக் கூறாகும் என்னும் மூன்று நெறிகளை அது வகுத்தது. அடுத்த ஆண்டில், 1972இல், தாஜுதீன் சீதையை அனுமன் காணும் காட்சியைப் பெரிய அளவில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். இது தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இடம்பெற்றுள்ளது.

தமிழ் முஸ்லிம் ஒருவர் தீட்டிய இராமகாதை எந்த நெறிக்குள் அடங்கும்? 'வெளிக்கூறு' என விடையளிப்பது எளிது. ஆயினும் வரலாறு அதற்கு இடந்தரவில்லை. 'ஹிக்காயாத் ஸ்ரீ ராமா' மலாய் இலக்கியத்தின் பழமையான நூல்களுள் ஒன்று. அதன் ஏட்டுப்படி ஒன்று பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆக்ஸ்போர்டு நூலகத்தைச் சென்றடைந்தது. அதில் அனுமன் இராமனின் மகனாகவே வருகிறான். கிளந்தான் நிழற்கூத்தும் இக்கதையைப் போற்றி வந்துள்ளது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையைச் சார்ந்த எஸ். சிங்காரவேலு, வடமொழி, தமிழ், தாய், மலாய் இராமகதைகளை ஒப்பிட்டு 1968இலேயே கட்டுரை வெளியிட்டார். ஆகவே இக்கதை தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் பொதுவானதாகும்.

இக்காட்சியின் உட்பொருளும் கருதத்தக்கது. அனுமன் முன்பு கண்டிராத சீதையைக் கேட்டறிந்த அடையாளங்களால் உணர்கிறான். சீதை கணையாழியைக் கண்டு அயலானை நம்புகிறாள். அடையாளம் என்பது இருவர் நோக்குக்கிடையே உறுதிப்படுவது என்பதைச் சுந்தர காண்டம் இங்ஙனம் உணர்த்துகிறது.

இயற்கையும் உணர்வும்

1970களின் நடுவில் மாரா தொழில்நுட்பக் கழகத்தில் விரிவுரையாளரான பின்னர், குனோங் லேடாங் இளவரசி போன்ற மலாய்த் தொன்மங்களும் காதலும் அவருடைய பாடுபொருளாயின. சாரோங்கும் கெபாயாவும் அணிந்த பெண்டிர் மலர்களுக்கும் பறவைகளுக்கும் இடையே தோன்றுகின்றனர். உடை மலாய் உடை. கோடோ அஜந்தாவின் கோடு. இங்கு இயற்கை வெறும் பின்புலமன்று. மாந்தர் உணர்வை மலரும் பறவையும் ஏந்தி நிற்கின்றன. தொல்காப்பியம் கூறும் முதல், கரு, உரி என்னும் பகுப்பை அறிந்தவர்க்கு இவ்வோவியங்கள் எளிதில் விளங்கும். ஓவியர் அந்நூலைப் பின்பற்றினார் என்பது இதன் பொருளன்று. அகமரபு இவற்றைப் படிப்பதற்குரிய தகுந்த கருவியாகிறது என்பதே கருத்தாகும்.

முடிவுரை

கதையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் தாஜுதீன் ஒருகால் இந்தியராகவும் ஒருகால் மலாய்க் கலைஞராகவும் பிளவுபட்டுத் தோன்றுவார். காணும் முறையை அளவுகோலாகக் கொள்ளும்போது அவருடைய படைப்புகள் அனைத்தும் ஒரே நீரோட்டமாகின்றன. பட்டர்வொர்த்தை அடுத்த மாக் மண்டின் முதலிய இடங்களிலுள்ள தமிழ்ப்பள்ளிகளில் காட்சிக்கலைப் பாடமும் தமிழ்மொழிப் பாடமும் தனித்தனியே நடைபெறுகின்றன. இவ்வோவியத்தையும் கம்பரின் காட்சிப்படலத்தையும் ஆசிரியர் அருகருகே வைத்து விளக்கின், தம் மரபு இந்நாட்டின் மரபோடு எங்கே கலக்கிறது என்பதை மாணவர் கண்ணாலேயே அறிவர்.