நாய்க்காலில் பிறந்த சட்டம்

எங்கள் வீட்டுப் பொமரேனியன் சோபாவிலிருந்து குதித்தது, அவ்வளவே. முன்னங்காலின் இரண்டு எலும்புகளும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்துவிட்டன. சிற்றின நாய்களுக்கு அவ்விடத்தில் இரத்த ஓட்டமும் குறைவு, தசைப் போர்வையும் குறைவு. மாவுக்கட்டு மட்டும் போட்டால் எலும்பு கூடாமலே போவதுண்டு. மருத்துவர் காலுக்கு வெளியே ஒரு சிறிய உலோகச் சட்டத்தைப் பொருத்தினார். அந்தச் சட்டத்தின் பூர்வீகத்தைத் தேடிப் போனதில் கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

எலும்புக்குச் சிம்பு வைத்துக் கட்டும் கலை மிகப் பழையது. எனினும் நாய்களைப் பொறுத்தவரை கதை லிவர்பூலில் தொடங்குகிறது எனலாம். பரம்பரையாக எலும்பு வைத்தியம் செய்துவந்த குடும்பத்தில் பிறந்த ஹியூ ஓவன் தாமஸ் (1834-1891), காசநோய் பற்றிய முழங்கால் மூட்டுக்கு ஓய்வளிக்க ஒரு வளையச் சட்டத்தை அமைத்தார். முதல் உலகப்போரில் தொடையெலும்பு முறிந்த எத்தனையோ சிப்பாய்களைப் பிழைக்க வைத்தது அது. 1930களில் பாஸ்டன் நகரின் ஏஞ்சல் நினைவு விலங்கு மருத்துவமனையில் எர்வின் ஷ்ரோடர் அதை நாய்களுக்கேற்ப மாற்றியமைத்தார்.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. முறிவு ஓரிடத்தில், கட்டுண்டதோ கால் முழுவதும். வாரக்கணக்கில் நீட்டியபடியே இருந்த இளம் நாய்களின் தொடைத்தசை இறுகி, முழங்கால் மடங்காமலே உறைந்துவிடுவதுண்டு. எலும்பு கூடியது, மூட்டு போயிற்று. இதை வைத்தியம் என்பதா, பண்டமாற்று என்பதா?

பென்சில்வேனியாவின் ஆர்ட்மோர் ஊரில் இருந்த கால்நடை மருத்துவர் ஓட்டோ ஸ்டேடரை வாட்டியது இன்னொரு எளிய உண்மை: நாய் கட்டைக் கடிக்கும். 'அசையாதே' என்று அதனிடம் சொல்லவும் முடியாது. ஆகவே அவர் கட்டையே கைவிட்டார். முறிவுக்கு மேலே இரண்டு ஊசிகள், கீழே இரண்டு ஊசிகள். தோலைத் துளைத்து எலும்பில் ஒன்றுக்கொன்று சாய்வாக நிற்பவை. அவற்றைக் காலுக்கு வெளியே ஒரு கம்பி இணைக்கும். கம்பியிலுள்ள திருகுகளைத் திருப்பினால் விலகிய எலும்புமுனைகள் நேர்கோட்டுக்கு வரும். மேல்மூட்டும் கீழ்மூட்டும் விடுதலையாக இருக்கும். நாய் சீக்கிரமே காலை ஊன்றிவிடும். 1937இல் இம்முறையைப் பற்றி எழுதினார்.

நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையைச் சேர்ந்த கென்னத் லூயிஸ், லெஸ்டர் பிரைடன்பாக் என்ற அறுவை மருத்துவர்கள் இதை மனிதர்களுக்குக் கொண்டுபோனார்கள். 1942இல் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை மனித அறுவை மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படை இச்சட்டத்தைப் பயன்படுத்தியது. நாய்க்கு ஆக்கியதை மாலுமி அணிந்தான். பிறகு, ஊசித் துளைகளில் சீழ் வைக்கிறதென்று மனித மருத்துவம் சில காலம் இதிலிருந்து விலகி நின்றது. கால்நடை மருத்துவர்கள் விடவில்லை; அவர்களின் நோயாளிகளுக்கு வேறு வழி குறைவு என்பதும் காரணமாக இருக்கலாம்.

இடுப்பு மூட்டின் கதை எதிர்த்திசையில் சென்றது. குழந்தைகளின் தொடையெலும்புத் தலை இரத்தமின்றிச் சிதையும் நோயை 1910இல் லெக், கால்வே, பெர்தெஸ் மூவரும் தனித்தனியே விவரித்தார்கள். சிற்றின நாய்க்குட்டிகளையும் அது தாக்குகிறது. ஆக்ஸ்போர்டின் கர்டில்ஸ்டோன் 1920களில் காசநோய் இடுப்புக்கெனச் செய்த, எலும்புத்தலையை வெட்டியகற்றும் முறையை ஒட்டிய ஒன்றை, 1961இல் ஸ்ப்ருயல் நாய்களுக்கு விவரித்தார். மனிதனுக்கு அது கடைசிப் புகலிடம். சிறிய நாயோ, எடை குறைவு என்பதால், தசையும் நாரும் அமைத்துக்கொடுத்த பொய்மூட்டிலேயே ஓடுகிறது.

மூட்டுவலிக்கு இன்று நாய்கள் பெறும் கார்ப்ரோஃபென் கூட, ஒரு காலத்தில் மனிதர்கள் உண்டு கைவிட்ட மாத்திரைதான். இதைப் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் இப்யூப்ரோஃபெனை யாரும் நாய்க்குக் கொடுத்துவிட வேண்டாம். அதன் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

எங்கள் நாயின் சட்டத்தைக் கழற்றியாயிற்று. வழுக்கும் தரையெங்கும் பழைய சணல் சாக்கு விரித்திருக்கிறோம். எடை ஏறாதிருக்கப் பிஸ்கட்டை நிறுத்தியதை மட்டும் அது இன்னும் மன்னிக்கவில்லை. சோபாவின் கால்களை அறுத்துத் தாழ்த்தியாயிற்று. வருகிறவர்கள் உட்காரும்போது கொஞ்சம் திடுக்கிடுகிறார்கள்.